கண்ணைத் திறந்து பேசும் நேரம்

எங்கள் வீட்டு பீரோக் கதவில் கொஞ்ச காலம் ஒரு டைம்டேபிள் தொங்கியது. ஐந்து நிறத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டியது. காலை ஐந்தரைக்குத் தனி ஜெபம். ஆறு மணிக்கு நடை. ஏழுக்குக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பாடு. பிறகு வேதம், கணக்கு, அறிவியல், தோட்ட வேலை. மதியம் ஒரு மணி நேரம் அமைதி, அவரவர் அறையில்.

தாராவியில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு மரத்தட்டு, மாளா என்பார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் அதில்தான் படுப்பார்கள், நிமிர்ந்து நின்றால் மண்டை இடிக்கும். தோட்டம் என்று கேட்டால் ஜன்னல் கம்பியில் கட்டிய பெயிண்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைச் செடி. கீழே பை தைக்கும் பட்டறை. அங்கே மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் எங்கள் தரையில் வைத்த டம்ளர் தானாக நகரும். டைம்டேபிளை ஒட்டும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒட்டினேன். அதைப் பார்த்தால் நாங்கள் ஏதோ உருப்பட்ட குடும்பம் போலத் தோன்றியது.

அதைக் கொடுத்தவர் செம்பூரில் இருக்கும் ஒரு அக்கா. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் கூடும். வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று இணையத்தில் போட்டிருந்த கால அட்டவணையை அவர் எங்கள் எல்லோருக்கும் அச்செடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷி. அவர் வீட்டில் அது நடந்தது. மூன்று படுக்கையறை இருந்தால் என் வீட்டிலும் நடந்திருக்கும் என்று பல நாள் பொருமியிருக்கிறேன்.

நாங்கள் இந்த வழிக்கு வந்தது கொள்கைக்காக அல்ல. மூத்தவளுக்காக. ஏழாம் வகுப்பில் அவளுக்குக் காலையில் யூனிஃபார்ம் போட்டதும் வாந்தி வரும். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது வராது, லீவு நாளில் வராது. டாக்டர் வயிற்றைப் பார்த்தார், ரத்தம் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். அறுபதுக்கு மேல் பிள்ளைகள் இருந்த அந்த வகுப்பில் அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்பாள். மெலிந்துகொண்டே போனாள். தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்தப் போன நான், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னேன். அக்கா வீட்டில் இருக்கும்போது தான் மட்டும் ஏன் போக வேண்டும் என்று ஏழு வயதுச் சின்னவளும் பையை இறக்கிவைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சயானில் ஒரு டியூஷன் கிளாஸில் கணக்கு எடுத்தவள் நான். எனக்கென்ன பயம் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்காரருக்குப் பயம் இருந்தது. அவர் செம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று மாறிக்கொண்டே இருக்கும். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அது முடிவாக இருக்கும்.

“ஜூன்ல ஸ்கூல் தொறக்கதுக்குள்ள இது ஒரு ஒழுங்குக்கு வரணும். இல்லன்னா ரெண்டு பேரையும் திரும்ப ஸ்கூல்லயே சேத்துருவோம். பிள்ளையள வச்சு வெளையாடக் கூடாது” என்றார்.

மூத்தவள் மேலே மாளாவில் படுத்திருந்தாள். அவள் காதில் விழவேண்டும் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் ஒரே அறையில் யார் காதில் விழாது. மறுநாள் காலை, யூனிஃபார்ம் எதுவும் போடாமலே, அவளுக்கு வாந்தி வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். ஜூன் மாதத்தில் இந்தப் பிள்ளையை அந்த வாசல்படியில் மறுபடி நிறுத்தக் கூடாது. அதற்கு ஒழுங்கு வேண்டும். ஒழுங்குக்குத்தான் அந்த ஐந்து நிற டைம்டேபிள்.

அது ஒரு வாரம்கூட உருப்படியாக நடக்கவில்லை. வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும் நேரம்தான் எங்களுக்கு வேத பாடம். கணக்கு தொடங்கும் நேரம் கீழே மெஷின் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, மூத்தவள் எழுந்திருக்கவே மாட்டாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடப்பாள். தண்ணீர் வந்து, சந்துக் குழாயில் கூட்டம் கூடி, கலைந்து, பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்குப் போய் முடிந்த பிறகு, ஏதோ ராணி போல ஏணியில் இறங்குவாள். நான் தொண்டை கிழியக் கத்துவேன். அப்படிக் கத்தியும் மிஞ்சியதை ராத்திரி ஜெபத்தில் சேர்த்துவிடுவேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குடும்ப ஜெபம் எங்கள் வீடுகளில் சோறு தண்ணீர் மாதிரி. பாய் விரித்து, ஒரு பாட்டு, ஆளுக்கொரு வசனமாக ஒரு அதிகாரம், பிறகு வரிசையாக ஆளுக்கொரு ஜெபம். சின்னவள் முதலில், அப்பா கடைசியில். அப்பா ஆமென் சொன்னால்தான் சாப்பாடு. இதில் யாரும் எழுதிவைக்காத ஒரு வசதி உண்டு. மூஞ்சிக்கு நேரே சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். எங்கள் சபையில் ஒரு அம்மாவின் குக்கரை இன்னொரு அம்மா இரவல் வாங்கிப் போய் மாதக்கணக்காகத் தரவில்லை. பெண்கள் கூட்டத்தில் குக்கர்க்கார அம்மா, பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நல்ல இருதயத்தை எங்களுக்குத் தாரும் ஆண்டவரே என்று உருகி ஜெபித்தார். மறுநாளே குக்கர் வந்தது, புது கேஸ்கெட்டோடு.

வீட்டிலும் அப்படித்தான். என் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவேன். “ஆண்டவரே, சோம்பலின் ஆவியை இந்த வீட்டைவிட்டு எடுத்துப்போடும். விடிந்த பிறகும் உறங்குகிற பிள்ளைக்கு உணர்வைத் தாரும். பின்னங்களைப் போட்டுப் பார்க்காமலே போட்டேன் என்று சொல்லுகிற பொய்யை மன்னியும்.” பிறகு வீட்டுக்காரர் முறை. அவர் கனத்த குரலில், “பிதாவே, இந்த வீட்டில் சமாதானத்தைத் தாரும். நாவை அடக்குகிற கிருபையைத் தாரும்” என்பார். யாருடைய நாக்கு என்று சொல்லமாட்டார். நான் ஆமென் சொல்லும்போது கொஞ்சம் பலமாகவே சொல்வேன்.

இந்தப் பேச்சுவார்த்தைக்கு நடுவில் மூத்தவளின் ஜெபம் சுருங்கிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டுப் பூனை வரைக்கும் ஜெபிப்பவள். இப்போது இரண்டு வாக்கியம், பிறகு ஒன்று, பிறகு ஆமென் மட்டும். அதையும் நான் ஜெபத்திலேயே சொல்லிக்காட்டினேன். ஜெபிக்க மனமில்லாத பிள்ளைக்கு வாஞ்சையைத் தாரும் என்று.

சனிக்கிழமை செம்பூர் அக்கா வீட்டில் கூடினோம். பிள்ளைகள் எல்லோரும் ஹாலில்தான் இருந்தார்கள். ஜெபக் குறிப்புகள் சொல்லச் சொன்னார்கள். ஒருத்தி கணவன் வேலைக்காக, ஒருத்தி மாமனார் கண் ஆபரேஷனுக்காக என்று சொன்னார்கள். பிறகு என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நான் நன்றாகத்தான் தொடங்கினேன். போகப்போக என் பிள்ளைக்குள் போய்விட்டேன். அவள் கீழ்ப்படியாமை, அவள் உறக்கம், ஜூன் மாதம் பள்ளிக்கு அனுப்ப வேண்டி வந்துவிடுமோ என்ற பயம், அவள் வாந்தி வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது. எல்லோரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று உருகினார்கள். கண்ணைத் திறந்தபோது மூத்தவள் ஹாலில் இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. சயானில் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்காகத்தானே அழுதேன், உனக்கே அது பிடிக்கவில்லையா என்று மனசுக்குள் பொரிந்துகொண்டே பின்னால் போனேன். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வழியெல்லாம் அவளும் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் ஏதோ தயாராகிறது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் பாய் விரித்தோம். பாட்டு, வாசிப்பு எல்லாம் முடிந்து, சின்னவள் கையைக் குவித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ஏசப்பா, ஸ்தோத்திரம். அந்த டைம்டேபிள எலி கடிக்கணும். லேமினேஷன் இருந்தாலும் கடிக்கணும். அம்மா நாளைக்குக் கத்தக் கூடாது. அந்த ஆன்ட்டிங்ககிட்ட அக்காவப் பத்திச் சொல்லக் கூடாது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வேண்டாம், பகல்ல மூச்சு விட்டாலே ஷ்ஷ்னு சொல்லுதாங்க. ஆமென்.”

வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். நான் அவளை ஓர் அடி போடக் கையை ஓங்கினேன். அப்போது மூத்தவள் பேசினாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தப் பாயில் ஆமென் தவிர அவள் சொன்ன முதல் பேச்சு அது.

“அவள எதுக்கு அடிக்கிய? அவ உங்ககிட்டயிருந்துதான் படிச்சா. இந்த வீட்ல எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுதான் திட்டுதிய. திருப்பி ஒண்ணும் சொல்ல முடியாது. சொன்னா ஜெபத்துல பேசுதான்னு அதுக்கும் திட்டு. திட்டணும்னா கண்ணத் தொறந்து, என்னப் பாத்துத் திட்டுங்க.”

வீட்டுக்காரர் அன்று ஜெபிக்கவில்லை. “சாப்பிடுவோம்” என்று மட்டும் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமா கோபமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பாய் விரிக்கும் முன்பு அவர் ஒரு சட்டம் போட்டார். “ஜெபத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் கண்ணத் தொறந்து பேசுவோம். யாரும் யாரப் பத்தியும் என்ன வேணும்னாலும் சொல்லலாம், மொகத்தப் பாத்துச் சொல்லணும். சின்னவளும் சொல்லலாம். ஆனா கண்ண மூடுன பிறகு, அவங்கவங்க சங்கதியத்தான் அவங்கவங்க சொல்லணும். அடுத்தவங்கள இழுக்கக் கூடாது.”

கேட்க எளிதாக இருந்தது. நடத்திப் பார்த்தால்தான் தெரிந்தது. முதல் நாள் நான்கு பேரும் கட்டஞ்சாயாவும் பாவ் ரொட்டியும் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மூத்தவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சோம்பலின் ஆவி என்று வாய் வரவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. கடைசியில் என்ன வந்தது என்றால், “நேத்து பால் வாங்கப் போகச் சொன்னேன், போகல்ல.” அவ்வளவுதான். “ஆமா, போகல்ல” என்றாள் அவள். சண்டை அதோடு முடிந்துவிட்டது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஜெபம் அதைவிட மோசம். என்னைப் பற்றி மட்டும் என்றால் எனக்கு இரண்டு வாக்கியத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. முழங்கால் வலியைச் சொன்னேன், கோபத்தைச் சொன்னேன், பிறகு என்ன சொல்வது. இத்தனை வருஷமும் அடுத்தவர் கணக்கை வைத்தே நீளமாக ஜெபித்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஜெபமும் பாதியாகக் குறைந்தது. சாப்பாடு சீக்கிரம் வந்ததில் சின்னவளுக்குச் சந்தோஷம்.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். அன்றைய பேச்சில் நான் மறுபடி அந்த உறக்கத்தை எடுத்தேன். ஆனால் கேள்வியாகக் கேட்டேன். “காலைல ஏன் எந்திரிக்க மாட்டேங்குத? சீக்கிரந்தான படுக்குத.”

அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். “நான் எப்பவோ முழிச்சிருவேன். எந்திரிச்சா தண்ணிக்குப் போகச் சொல்லுவிய. தண்ணி வாற நேரந்தான் எல்லாரும் யூனிஃபார்ம் போட்டுட்டு சந்து வழியா போவாங்க. குழாய்ல நிக்கிற எதுத்த வீட்டு அத்தை தெனமும் கேக்காக, என்னட்டி, ஸ்கூல் இல்லயா, பெயிலாப் போயிட்டியான்னு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அதான் எல்லாரும் போற வரைக்கும் போத்திட்டுப் படுத்துக்கிடுவேன்.”

ஜெபித்து ஜெபித்து விரட்டப் பார்த்த சோம்பலின் ஆவி, எதிர்வீட்டு அத்தையின் வாய். இவ்வளவு நாள் போர்வைக்குள் இந்தப் பிள்ளை முழித்துக்கொண்டு கிடந்திருக்கிறது, நான் கீழே நின்று கத்தியிருக்கிறேன். என் கோபம் உடனே எதிர்வீட்டுக்குத் தாவியது. இப்பவே போய் அவளை நான்கு கேள்வி கேட்கிறேன் என்று எழுந்தேன்.

“நீங்க ஒண்ணும் போக வேண்டாம்” என்றாள் மூத்தவள். “நீங்க போனா இன்னும் கேப்பாக.” வீட்டுக்காரரும் உட்கார் என்று கையைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

அங்கேயே ஒரு மாற்று ஏற்பாடு செய்தோம். இனி தண்ணீருக்கு நான் போவது. அந்த நேரத்தில் மூத்தவள் வீட்டில் தோசை சுட்டு வைப்பது. சின்னவள் பாய்களைச் சுருட்டுவது. அடுத்த நாள் முதல் குடம் நிறையும் முன்பே மேலேயிருந்து தோசைக் கல்லின் சத்தம் கேட்டது. யாரும் யாரையும் எழுப்பவில்லை. நான் குழாயடியில் நின்று அந்தச் சத்தத்தைப் பாட்டுக் கேட்பது போலக் கேட்டேன்.

அந்த ஒரு நூலைப் பிடித்துத்தான் மற்றதெல்லாம் வந்தது. எங்கள் வீட்டில் எதுவும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது இல்லை. தண்ணீர் அதன் இஷ்டத்துக்கு வரும். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். பட்டறை முதலாளி எப்போது வருவாரோ அப்போதுதான் மெஷின் ஓடும். ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்று வருவது மாறாது. கணக்கு டீச்சருக்கு இது தெரிய இவ்வளவு நாள் ஆனது. மணியை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொண்டோம். தண்ணீர் வந்த பிறகு தோசை. தோசைக்குப் பிறகு வேதம் ஒரு சின்னப் பகுதி. அதன் பிறகு மெஷின் தொடங்கும் வரைக்கும் கணக்கு, யோசிக்க வேண்டிய வேலை எல்லாம் அந்த அமைதியில். மெஷின் தொடங்கியதும் வாய்விட்டு வாசிக்கும் வேலை. மூத்தவளுக்குத் தமிழ் வாசிக்கத் திக்கும். இந்தி போல ஓடாது. நான் பக்கத்தில் இருந்து திருத்தினால் நிறுத்திவிடுவாள். இப்போது அந்த இரைச்சலுக்குள் அவள் வாசிப்பது அவளுக்கே சரியாகக் கேட்காது. வெட்கம் விட்டு உரக்க வாசித்தாள். மெஷின் நின்று சாப்பாட்டு நேரம் வரும்போது திடீரென்று அவள் குரல் மட்டும் அறை முழுவதும் கேட்கும், அவள் சட்டென்று குரலைத் தாழ்த்துவாள். கொஞ்ச நாளில் தாழ்த்துவதையும் மறந்துவிட்டாள்.

அப்பாவுக்கு மதியம் ஷிப்ட் என்றால் பேச்சும் ஜெபமும் அவர் கிளம்பும் முன்பு. ராத்திரி ஷிப்ட் வாரம் அவர் உறங்க வேண்டும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவில் மரம் அடர்ந்த ஒரு பார்க்குக்குப் போய்விடுவேன். பெஞ்சில் வரலாறு, புல்லில் சண்டை. டைம்டேபிளை எலி கடிக்கவில்லை. சின்னவளே பீரோவிலிருந்து உரித்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, மார்க்கரால் எழுதி அழிக்கலாம். வாய்ப்பாடு எழுத நல்ல பலகை ஆகிவிட்டது.

எல்லாம் சீராக ஓடியது என்று நினைத்துவிட வேண்டாம். மார்ச்சில் எனக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காய்ச்சல். பத்து நாள் புத்தகத்தையே தொடவில்லை, கஞ்சியும் மாத்திரையும்தான். என் வாயும் இடையில் பல நாள் பழைய வேகத்தில் ஓடியது. பின்னங்களுக்காக ஒருநாள் நான் போட்ட சத்தத்தில் பட்டறைப் பையன்கள் மெஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். அன்றைய பேச்சில் சின்னவள் என் முகத்தைப் பார்த்து, “நீங்க கத்துனா எனக்குக் கணக்கு மறந்துபோவுது” என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது. ஆனால் விட்டுப்போன பிறகு திரும்பத் தொடங்குவது முன்போல மலையாக இல்லை. மறுநாள் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் தோசை. அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். வாந்தியும் எப்போது நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் யோசித்துப் பார்த்தால், வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

மே கடைசியில் சந்தில் கூரைகள்மேல் நீலத் தார்ப்பாய் கட்டத் தொடங்கினார்கள். கடைகளில் பள்ளிப் பையும் ரெயின்கோட்டும் தொங்கின. ஜூன் வந்துவிட்டது. நான் வீட்டுக்காரரிடம் வாய்திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அவர் டம்ளரைக் கையில் எடுக்கும்போது எனக்கு வயிற்றைப் புரட்டும். அந்தப் பிள்ளைக்குக் காலையில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒருநாள் அவர் மூத்தவளைப் பார்த்துப் பேசினார். “ஒழுங்கு வந்துட்டு. நான் இல்லன்னு சொல்லல்ல. படிக்கவும் செய்த. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். நீ வீட்ல இருக்கது படிக்கிறதுக்கா, ஒளிஞ்சிக்கிடுறதுக்கா? படிக்கிறதுக்குன்னா இரு, பரீட்சைய ஸ்கூலுக்குப் போகாமலே வெளிய இருந்து எழுதிக்கிடலாம். ஒளிஞ்சிக்கிடுறதுக்குன்னா அப்பா ஒத்துக்கிட மாட்டேன். அது ஒனக்கு நல்லதில்ல.”

இது என்ன கேள்வி, பிள்ளை இப்போதுதானே தேறி வருகிறது என்று நடுவில் பாய்ந்திருப்பேன். ஆனால் அவர் போட்ட சட்டத்தோடு இதுவும் சேர்ந்துவிட்டிருந்தது: முகத்தைப் பார்த்துக் கேட்டால், கேட்கப்பட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மூத்தவள் காலி டம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, ஜெபிப்போம்” என்றார்.

பாடினோம், வாசித்தோம். சின்னவள் ஏதோ சொல்லி முடித்தாள். அடுத்தது மூத்தவள் முறை. இந்த மாதங்களில் பேச்சு நேரத்தில் எவ்வளவு பேசினாலும், கண்ணை மூடினால் அவளுக்கு ஆமென் மட்டும்தான். நாங்களும் கேட்பதில்லை. அந்த ஆமெனுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நான் என் முறையை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தபோது, அவள் குரல் வந்தது.

“ஆண்டவரே, நான் ஒளிஞ்சுதான் இருந்தேன். மொதல்ல அதுக்குத்தான் வீட்ல இருந்தேன். இப்ப அப்படி இல்ல. எனக்கு இங்க படிக்கணும். நாளைக்குத் தண்ணிக்கு நான் போறேன். கூட வாரும். ஆமென்.”

என் முறை வந்தபோது நான் ஆமென் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்காரரும் அதை மட்டும்தான் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு வந்த வேகத்தில் என்றைக்கும் வந்ததில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல் குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டது. மூத்தவள் ஏணியில் இறங்கி, குடத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் தோசைக் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். வீட்டுக்காரர் உறங்குவது போலக் கிடந்தார், உறங்கவில்லை. கீழே வரிசை நகர்ந்தது. எதிர்வீட்டு அத்தையின் குரல் நான் எதிர்பார்த்தது போலவே வந்தது.

“என்னட்டி, காணவே இல்ல? ஸ்கூல் தொறக்கப் போவுதே, இந்த வருசமாவது ஸ்கூல் உண்டுமா?”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“உண்டும் அத்தை. எங்க வீட்ல. தண்ணி எடுத்து முடிச்சதும் தொடங்கிரும்.”

“வீட்லயா? டீச்சர் யாரு?”

“எங்க அம்மாதான். கணக்கு நல்லா வரும். கோவமும் வரும்.”

குழாயடியில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். என் பிள்ளையும் சிரித்தாள். பின்னால் போர்வைக்குள்ளிருந்து வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்குக் கண்ணில் நீர் வழிய வழியச் சிரிப்பு வந்தது. கல்லில் தோசை கருகிய பிறகுதான் திரும்பினேன். “இனி பிள்ளையளச் சேக்கக் கேட்டு அந்த ஸ்கூல் பக்கம் போகல்ல” என்றார் அவர், போர்வையை விலக்காமலே. மூத்தவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள், தோள்வரைக்கும் நனைந்திருந்தாள். அடுத்த குடத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினாள்.